வலிக்காத காலுக்குக் காவல்

வேலூரில் 1950களில் தொழுநோயாளிகள் சிலருக்குப் புரியாத ஒரு தொல்லை இருந்தது. இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரலில், விடிந்து பார்த்தால் நுனியைக் காணோம். நோய்தான் சதையைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் பால் பிராண்ட் அதை நம்பத் தயாராக இல்லை. இரவில் கண்விழித்துக் காவல் இருந்தபோது குட்டு வெளிப்பட்டது. தின்றது எலி! உணர்ச்சியற்ற விரலை எலி கொறித்தது தூங்கியவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களின் கையில் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர்; பெற்றோர் மிஷனரிகள். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூருக்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் உள்ள சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. இன்னொருவர் தணலில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்தார். இப்படிப் பலவற்றைப் பார்த்த பிறகு பிராண்டுக்கு விஷயம் புரிந்தது: கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைத்தான் சாகடிக்கிறது. வலி தெரியாதவர் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார்.

மடங்கிப்போன விரல்களை அவர் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் அந்தக் கை மறுபடியும் சூடுபட்டு, புண்ணாகி வந்தால் என்ன பயன்? அதனால் நோயாளிக்கே வைத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் கை கால்களைக் கண்ணால் பார்ப்பது, சூடான பாத்திரத்தைத் துணி சுற்றித் தூக்குவது, மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிவது ஆகியவை அந்தப் பாடங்கள். இன்று தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். செருப்பு என்று எல்லோரும் சொல்கிற அந்தக் காலணி, வேலூரின் தொழுநோய்ப் பணியோடு வளர்ந்ததுதான்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண், அதே இடத்தில். நோய் வேறு, காரணம் ஒன்றே: வலி தெரியாத பாதம். தொழுநோய்க்கு வகுத்த முறைகள் அப்படியே சர்க்கரை நோயாளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் பழுதாகின்றன. உடம்பின் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் அடி அங்கேதான் முதலில் விழுகிறது. தொடக்கத்தில் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு. சிலருக்குக் கொஞ்ச காலத்தில் எரிச்சல் நின்றுவிடும். “இப்போ பரவாயில்லை” என்று அவர்கள் நிம்மதி அடைவதுண்டு. நரம்பு முற்றிலும் மரத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கூடவே ரத்தக் குழாய்களும் சுருங்கினால், சின்னப் புண்கூட ஆறாமல் இழுத்தடிக்கும். சர்க்கரை நோயால் காலை இழப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது இப்படி ஒரு சின்னப் புண்தான்.

மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிற டாக்டரால் அந்தப் புண்ணை முதல் நாளே கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் இருப்பவரால் முடியும்.

அதற்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் வைக்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கைக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். விரல் இடுக்குகளைப் பிரித்துச் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலில் பித்தவெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய தோல் எதையும் விடக்கூடாது. புறங்கையால் தடவும்போது ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால், உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலைக் கழுவியதும் விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்துவிட்டு, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். இடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கிற கார்ன் கேப் ஒட்டுவதும் மரத்த காலுக்கு ஆகாது; கார்ன் கேப்பில் உள்ள மருந்து நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். வெந்நீரில் காலை ஊறவைக்கும் பழக்கமும் வேண்டாம், சூடு தெரியாது. செருப்பைப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டினால் உள்ளே கிடக்கிற புளியங்கொட்டை விழுந்துவிடும். மரத்த காலில் அது நாள் முழுக்க உறுத்தினாலும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் புண்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. “வீட்டுக்குள்ள செருப்பா?” என்று கேட்காத வீடு குறைவு. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. கோயில் பிரகாரத்தில் உச்சி வெயிலில் கருங்கல் பழுத்துக் கிடக்கும். அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போகலாம், தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்ச்சி இல்லாத காலோடு அதை வெறுங்காலில் நடப்பதா என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது.

தினமும் இதைச் செய்வது அலுக்கும். சர்க்கரை நோய்க்கு விடுமுறை கிடையாது என்பதால் சலிப்பும் கோபமும் வருவது இயல்பு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம். எத்தியோப்பியாவில் 1990களில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, தங்கள் கால்களைத் தாங்களே பராமரித்துக்கொண்டார்கள். தனியாகச் செய்யச் சலித்த காரியம் கூட்டாகச் செய்யும்போது நிலைத்தது. வாக்கிங் போகிற நண்பர்களோ கணவன் மனைவியோ அதையே செய்யலாம்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வரும். பாதத்தைப் பார்க்கும் வேலை வீட்டில் உள்ளவருடையது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்; ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். காலில் புண் கண்டால், வலிக்கவில்லை என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.