சின்ன இரைப்பை மட்டுமா காரணம்?

இரைப்பையைச் சிறிதாக்கினால் நிறையச் சாப்பிட முடியாது, அதனால் எடை இறங்கும்: பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பலரும் நினைத்திருப்பது இதுதான். அது மட்டும்தான் காரணமென்றால், வாயைக் கட்டி இளைத்தவர்களுக்கும் அதே பலன் நிலைத்திருக்க வேண்டுமே!

அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ தொலைக்காட்சிப் போட்டியில் கடும் பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் இளைத்த 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு பரிசோதித்தது. 2016இல் முடிவு வெளியானது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. ஆனால், சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியோ அந்த உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. எடை மீண்டது, வளர்சிதை மாற்றம் மீளவில்லை.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் உடல் சிறுக்கச் சிறுக்க இந்த எரிப்பு குறையத்தான் செய்கிறது. வித்தியாசம் பசியில். உணவுக் கட்டுப்பாட்டால் 17 சதவீத எடை குறைந்தவர்களிடம், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 24 சதவீதம் கூடியிருந்ததை ஆய்வாளர் டேவிட் கம்மிங்ஸின் குழு 2002இல் கண்டது. பேரியாட்ரிக் சிகிச்சையில் ஒருவகையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடமோ அது மிகவும் தாழ்ந்திருந்தது. பிந்தைய ஆய்வுகளில் கிரெலின் எல்லாரிடமும் ஒரே சீராகக் குறையவில்லை. அதைவிட உறுதியாகத் தெரியும் மாற்றம் குடலில் நடக்கிறது.

பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாக இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து, நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உணவு தொடுவதில்லை. அரைகுறையாகச் செரித்த உணவு சீக்கிரமே கீழ்க்குடலை எட்டுவதால், அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 ஹார்மோனைத் தாராளமாகச் சுரக்கின்றன. அது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. மூளைக்கு ‘போதும்’ என்று சொல்கிறது. எடை பெரிதாக இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரிஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. இன்று பிரபலமான செமாகுளுடைட் ஊசியும் இதே ஜிஎல்பி-1ஐப் போலத்தான் வேலை செய்கிறது.

இந்த மாற்றுப்பாதைக்கு விலையும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது. சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தேவை. வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். எனவே முதலில் தட்டில் இருக்கும் புரதம், முட்டையோ மீனோ பருப்போ, வயிற்றுக்குள் போகட்டும். இடமிருந்தால் பிறகு சோறு.