திக்கிப் பேசும் சிறுவர்

1908-ஆம் வருஷத்தில் இப்பிரதேசத்தில் நிகழ்த்திய பிரசங்கங்களுக்காக ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலி நியாயஸ்தலத்தில் கடுந்தண்டனை அடைந்தனர். வாய்ப்பூட்டு என்பது எத்தகைய கொடுமையென்று பொருநைக்கரை ஜனங்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே பூட்டை நம் வீட்டுத் திண்ணையிலேயே, நம் குழந்தைகளுக்கே, நாம் தினந்தோறும் மாட்டிவருகிறோம்.

திக்கிப் பேசும் சிறுவனிடம் வந்த விருந்தாளி பெயரைக் கேட்கிறார். இவர்களில் பலருக்குத் தம் சொந்தப் பெயரே சொல்வதற்கு அரிய சொல். முதலெழுத்திலேயே நாக்கு நின்றுவிடுகிறது. உடனே தகப்பனார் முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுகிறார்; அண்ணன் சிரிக்கிறான்; பாட்டி வசம்பைத் தேடுகிறாள். பழுது நாவில் இருந்தால் அல்லவோ வசம்பு பலிக்கும்! அதே சிறுவன் பஜனையில் கூடிப் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

நூறு குழந்தைகளில் சுமார் ஐவருக்கு, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், இது தோன்றுகிறது. மிகப் பலருக்குத் தானே நீங்கிவிடுகிறது; வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரளவில் நிலைக்கிறது. வம்சவழியும், பேச்சை நடத்தும் மூளைப் பகுதிகளின் இயக்கமுமே இதற்கு முக்கிய ஹேதுக்கள் என்று சாஸ்திரிகள் கண்டிருக்கின்றனர். பயமோ, பெற்றோர் வளர்ப்போ இதை உண்டாக்குவதில்லை. ஆனால் பரிகாசம் செய்யும் தீங்கு வேறு.

1939-இல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையார் அநாதைக் குழந்தைகள் சிலரிடம், நன்றாகப் பேசியவர்களிடமுங்கூட, 'உன் பேச்சில் குற்றமிருக்கிறது' என்று ஓயாது சொல்லிப் பரீட்சித்தனர். அக்குழந்தைகள் கூசிப் பேச்சையே குறைத்துக்கொண்டனர். அந்தச் சர்வகலாசாலை 2001-இல் மன்னிப்புக் கோரியது. நம் வகுப்பறைகளில் இப் பரீட்சை சம்பளமில்லாமலே நடைபெறுகிறது!

"மெதுவாய்ச் சொல், மூச்சை வாங்கிச் சொல்" என்னும் புத்திமதியும், நல்லெண்ணத்தால் வருவதாயினும், குழந்தைக்கு இன்னொரு கண்டனமாகவே படும். நாம்தான் மெதுவாகப் பேசவேண்டும். அவன் முகத்தைப் பார்த்து, எப்படிச் சொன்னான் என்பதை விட்டு என்ன சொன்னான் என்பதற்கு மறுமொழி கூறவேண்டும். வாக்கியத்தை அவனே முடிக்கட்டும். சில மாதங்களாகியும் குறையாவிடில், அல்லது பேசவே அவன் அஞ்சத் தொடங்கினால், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அழைத்துச் செல்வது அவசியம். மைசூரில் இதற்கெனவே 1965-இல் ஓர் அகில இந்திய ஸ்தாபனம் ஏற்பட்டிருக்கிறது.

இந் நதிக்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், பதினாறு பிராயம்வரை வாய்திறவாமல் புளியமரத்தடியில் இருந்தவர் நம்மாழ்வார் என்பது ஐதிகம். மதுரகவிகள் வந்து ஒரு கேள்வி கேட்டார்; பதில் கிடைத்தது. மதுரகவிகள் அப்பொழுதே வயதில் மூத்தவர். இளையவர் வார்த்தைக்காக நெடுந்தூரம் நடந்து வந்திருந்தார்.