காப்பிப் பாலில் மேட் கவ் நோய் வருமா?

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்தின் பக்கத்துக் கடையில் ஃபில்டர் காப்பி குடிப்பவருக்கு மாட்டிறைச்சியோடு சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், பாலோடு உண்டு. அதனால் கேள்வி அவருக்கும் உரியதுதான்.

1986இல் பிரிட்டனில் மாடுகளைத் தள்ளாடி விழவைக்கும் இந்நோய் கண்டறியப்பட்டது. அவற்றின் மூளை பஞ்சுபோல் ஓட்டை விழுந்திருந்தது. காரணம் கிருமி அல்ல, பிரையான் என்ற புரதம். தப்பாக மடிந்த ஒரு பிரையான், பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடியவைக்கும். அதற்கு உயிரே இல்லை; கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. அறுத்த மாடுகளின் கழிவை அரைத்து உயிருள்ள மாடுகளுக்கே தீவனமாகக் கொடுத்ததில் நோய் பரவியது. புல் தின்னும் பிராணிக்கு இறைச்சித் தூளைக் கொடுத்தது பெரும் பிழை. 1996இல் அந்நோய் மனிதருக்கும் வருவதை பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

பிரையான் முக்கியமாக மூளையிலும் தண்டுவடத்திலும் குவிகிறது. பால் வழியாக அது மனிதருக்குப் பரவியதாகச் சான்றில்லை.

நம் மாடுகளின் உணவு பெரும்பாலும் வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு. 2010இல் உலக விலங்கு சுகாதார அமைப்பு இந்தியாவை இந்நோய் அபாயம் மிகக் குறைந்த நாடாக அறிவித்தது. மகாராஷ்டிரத்தில் பசு, காளை அறுப்பைத் தடைசெய்த 2015 சட்டத்துக்குப் பின் மாட்டினத்தில் சட்டப்படி அறுக்கப்படுவது எருமைதான். செம்பூரை அடுத்த தேவ்நார் போன்ற அறுவைக்கூடங்களில் அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியவற்றில் நடையும் ஒன்று: பின்னங்கால் இழுக்கிறதா, தலை சாய்கிறதா?

இங்கே மாடு வெறிபிடித்தாற்போல் நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நாய்க்கடியால் வரும் ரேபிஸ். அந்த மாட்டின் எச்சிலைத் தொட்டவர்கள் உடனே சோப்பால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். அதன் பாலைக் குடிக்கக் கூடாது.