முழங்கையும் 15 பாகையும்

பேஸ்பாலில் பந்தெறிபவர் மடக்கிய முழங்கையை விசையுடன் நீட்டலாம். கிரிக்கெட்டில் அது ‘நோ-பால்’. திருப்பூர்த் தெருக்களில் ஆடும்போது ‘மாங்கா’ என்று கூவுகிறீர்களே, அதுதான்! 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் இக்குற்றம் செய்ததாக நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை அறிவித்தார். கண்டியில் பிறந்த அத்தமிழருக்கு அப்போது வயது 23. ஆட்ட வாழ்வே முடிந்துவிடும் போலிருந்தது.

அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாதது. வளைந்த கம்பி ஒன்றைக் கண்ணெதிரே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வளைவு மாறுவதில்லை, ஆயினும் கம்பி நிமிர்ந்து மடங்குவதுபோல் தோன்றும். 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவரது வீச்சைப் படமெடுத்து ஆராய்ந்தவர்களும் இத்தகைய கண்மயக்கமே என்றனர்.

பின்னர் அதிவேகப் படக்கருவிகள் வேறொன்றையும் காட்டின. முழங்கை சற்றும் நிமிராமல் வீசுவோர் மிக அரிது! ஆகவே 2005இல் 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி மாறிற்று. கை வளைந்திருப்பது குற்றமன்று. வீசும்போது எவ்வளவு நிமிர்கிறது என்பதே கணக்கு. (வெறுங்கண்ணால் இதை அளப்பது எந்த நடுவருக்கும் கடினமே.)

2010 ஜூலையில் காலி நகரில், தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தின் கடைசிப் பந்தில், முரளிதரன் இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தினார். அது அவருடைய 800ஆவது விக்கெட்.