எட்டு எலும்புக்கூடும் ஒரு முதலாளியும்

திருச்செங்கோட்டு ரிக் தொழிலின் சூட்சுமம் ரொம்ப எளிது. முதலாளி ஊரில் இருப்பார். காலையில் அர்த்தநாரீஸ்வரர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, அப்புறம் டிபன், அப்புறம் போன். அவருடைய ரிக் லாரியும் துணை லாரியும் ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ ஏதோ ஒரு பொட்டல் காட்டில் போர் போட்டுக்கொண்டிருக்கும். வண்டியோடு போன பையன்கள் பாறைத் தூசியில் குளித்து, வண்டிக்குப் பக்கத்திலேயே பொங்கித் தின்று, வண்டிக்கு அடியிலேயே தூங்குவார்கள். பாறை உடைவது அங்கே. அடிக்கணக்கு எழுதுவது இங்கே.

வீடியோ கேம் உலகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு 'சம்மனர்' என்று பெயர். தான் கத்தியைத் தொடாமல், வரவழைத்த பிராணியையோ பேயையோ விட்டுச் சண்டை போட வைக்கிற ஆசாமி.

"கேமா? அதெல்லாம் பொடிசுகள் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். என்னிடம் இதைப் பற்றிக் கேட்டது பொடிசு இல்லை. என் சித்தப்பா மகன், வயது 26. மேலே சொன்ன வண்டிப் பையன்களில் ஒருத்தன். சத்தீஸ்கரிலிருந்து ராத்திரி பத்து மணிக்குப் போன்.

"அண்ணா, டயாப்ளோ டூ ஏத்தி வச்சிருக்கேனுங். யாரை எடுக்கறதுன்னே தெரியலைங். நீங்க காலேஜ் படிக்கறப்ப இதுலயேதான் கெடந்தீங்களாமா, அம்மா சொல்லுச்சு."

பி.காம். படித்த காலத்தில் பேலன்ஸ் ஷீட்டை விட டயாப்ளோவைத்தான் அதிகம் பார்த்தேன் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். ஆகவே ஆலோசகர் பதவியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: டயாப்ளோ 2 என்பது 2000-ல் வெளிவந்த அமெரிக்க விளையாட்டு. பூதம், பிசாசு, பாழடைந்த மடம் எல்லாம் உண்டு. தொடங்கும்போதே நீங்கள் யார் என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். முதலில் வந்தவர்கள் ஐந்து பேர். ஈட்டியும் வில்லும் வைத்திருக்கும் அமேசான் (பார்சல் அனுப்பும் கம்பெனி இல்லை), காட்டடி அடிக்கும் பார்பேரியன், நெருப்பும் பனியும் வீசும் சோர்சரஸ், சாமி பெயரைச் சொல்லி அடிக்கும் பாலடின், பிணத்தை எழுப்பும் நெக்ரோமான்சர். 2001-ல் வந்த இணைப்பில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

ஒருத்தரை எடுத்துவிட்டால் நடுவில் மாற்ற முடியாது. வேறு ஆள் வேண்டுமென்றால் முதலிலிருந்து வர வேண்டும். நாள் முழுக்க ராடு மாற்றிவிட்டு, தூங்கப் போகும் முன் கிடைக்கிற ஒரே ஒரு மணி நேரத்தில் விளையாடுகிறவனுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. மூன்று மாசம் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கையி எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"வலது கை வெரலு மரத்துப் போயிருதுங்ணா. வண்டி அதிர்ற அதிர்ச்சி. படபடன்னு அமுத்தவே முடியாதுங்."

அங்கேயே பாதி முடிவாகிவிட்டது. பார்பேரியனுக்கும் அமேசானுக்கும் சதா கிளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும். சோர்சரஸுக்குப் பறந்து பறந்து தப்பிக்கிற விரல் வேகம் வேண்டும். நெக்ரோமான்சர் ஒருத்தன்தான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தே ஜெயிக்கக்கூடியவன். லேப்டாப்போ செகண்ட்ஹேண்ட், சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கும் குறை இல்லை. பழைய டயாப்ளோ 2, தனியாக ஆட 32 எம்.பி. மெமரி போதும் என்ற காலத்துச் சரக்கு. இன்டர்நெட்டே வேண்டாம்.

"நெக்ரோமான்சரை எடு. முதலாளி ஆயிடு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "நம்ம ஓனர் மாதிரியே உக்காந்து பாக்கலாம்ங்களா?"

பார்க்கலாம். ஆனால் தொழில் நுணுக்கம் தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் என் பி.காம். கொஞ்சம் உதவியது.

எலும்புக்கூட்டை எழுப்ப மூலப்பொருள் ஒரு பிணம். அது வேண்டுமென்றால் முதலில் எவனையாவது கொல்ல வேண்டும். ஆக, முதல் முதலீடு உங்கள் சொந்த உழைப்பு. கையில் கொடுத்தனுப்பும் மந்திரக்கோலில் எலும்புக்கூடு எழுப்பும் வித்தை ஒரு புள்ளி அளவுக்கு ஏற்கெனவே இருக்கும், சீதனம் மாதிரி. முதல் பிசாசை அதாலேயே தட்டிக் கொன்றால் முதல் தொழிலாளி ரெடி. அவன் இரண்டாவது ஆளைக் கொல்வான், அதிலிருந்து இன்னொருத்தன்... அப்புறம் வியாபாரம் தானே வளரும். தொழிலாளி கொன்றாலும் அனுபவப் புள்ளி உங்கள் கணக்கில்தான் ஏறும்.

ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஒரு வித்தைப் புள்ளி. அதிகபட்சம் 99 நிலை. இந்தப் புள்ளிகள்தான் மூலதனம். ஒரு காலத்தில் போட்டதைத் திருப்பி எடுக்கவே முடியாது. 2010-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம்தான் அழித்து எழுதும் வசதி. பழைய பதிப்பையே ஆடுகிறவர்கள் ஜாக்கிரதை.

எலும்புக்கூடு எழுப்புவதில் 20 புள்ளி, அவற்றுக்குத் தெம்பு ஏற்றும் 'ஸ்கெலிட்டன் மாஸ்டரி'யில் 20 புள்ளி. இதுதான் என் சிபாரிசு. மற்றதில் ஒன்றொன்று போதும். அதிலும் 'ஆம்ப்ளிஃபை டேமேஜ்' என்ற சாபத்தை மறக்கக்கூடாது. எதிரி மேல் அதைப் போட்டால் அவன் வாங்கும் ஒவ்வொரு வெட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முதலாளி செய்கிற ஒரே வேலை அதுதான்: தூரத்தில் நின்று சபிப்பது! (எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?)

20 புள்ளி போட்டால் எத்தனை எலும்புக்கூடு? எட்டு. முன்பெல்லாம் புள்ளிக்கு ஒன்று வீதம் இருபது கிடைக்கும். ஆனால் எல்லாம் சோப்ளாங்கி. கொஞ்சம் கஷ்டமான கட்டத்துக்குப் போனால் வரிசையாக உதிரும். 2003-ல் விதியை மாற்றி, ஆள்குறைப்பு செய்து, இருப்பவனுக்கு ஊட்டம் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் நெக்ரோமான்சருக்கு மவுசு. எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்தையும் விட எனக்கு இது தெளிவாகப் புரிந்தது.

இன்னொரு விஷயம். விளையாட்டை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் எட்டு பேரும் மாயம். தினக்கூலி! மறுபடி ஒரு பிணம், மறுபடி ஆள் எடுப்பு. 'ரிவைவ்' என்று ஒரு வித்தை இருக்கிறது, செத்த பிசாசையே அப்படியே எழுப்பலாம். ஆனால் 3 நிமிஷக் கான்ட்ராக்ட்தான், அப்புறம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மறுநாளும் நிற்பவர்கள் இரண்டே பேர். இரும்புச் சாமானை உருக்கி உருவாக்கும் இரும்பு பொம்மை ஒன்று. காசு கொடுத்து வைக்கும் கூலி வீரன் ஒருத்தன். அவன் செத்தால் எழுப்ப மறுபடி காசு அழ வேண்டும்.

தொல்லை எங்கே வருமென்றால், இரண்டாம் கட்டத்துப் புழுக்குகையில். ஒற்றையடி அகலத்துக்குச் சந்து. எட்டு எலும்புக்கூடும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பின்னால் நிற்கும், முன்னால் நீங்கள் தனியாகப் பிசாசிடம் மாட்டுவீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எட்டு லாரியை ஒரே நேரத்தில் ஏற்றிப் பாருங்கள், புரியும்.

ஆட்கள் கும்பலாக நிற்பதிலும் ஓர் ஆபத்து. நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த 'ஆலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலர் படம் நினைவிருக்கும். அதற்கு மூலமான அரபுக் கதையில், ஜாடிக்குள் ஒளிந்த திருடர்கள் அத்தனை பேரையும் மார்ஜியானா கொதிக்கும் எண்ணெயை ஊற்றியே தீர்த்துவிடுகிறாள். தலைவன் அப்போது எங்கே இருந்தான்? சௌகரியமாக விருந்தாளி அறையில்! உலகத்திலேயே சம்மனர்களுக்கு எழுதப்பட்ட பழைய எச்சரிக்கை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதைகளில் இப்படி வரவழைத்த ஆள் சும்மா இருக்க மாட்டான். விக்கிரமாதித்தனின் வேதாளம் கேள்வி கேட்கும். பதில் சொன்னால் மரம் ஏறிவிடும். குட்டிச்சாத்தானுக்கு ஓயாமல் வேலை கொடுக்காவிட்டால் கூப்பிட்டவன் பாடு திண்டாட்டம் என்று எங்கள் பாட்டி சொல்லும். அந்தப் பக்கத்து கேம்களிலும் ஒன்றில் இந்த நியாயம் இருந்தது. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் வேட்டைக்காரன் பழக்கும் புலிக்கும் கரடிக்கும் வேளாவேளைக்குத் தீனி போட வேண்டும். வயிறு காய்ந்தால் முகம் தூக்கிக்கொண்டு அடி குறையும். அலட்சியம் செய்தால் நம்மை விட்டே ஓடிப்போய்விடும். தீவன விலை ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்த நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகப் பிடித்திருக்கும். 2010-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், ஆட்டக்காரர்களுக்குத் தொந்தரவாம்! எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

நெக்ரோமான்சரின் எலும்புக்கூடு எதுவும் கேட்காது. சோறு வேண்டாம், லீவு வேண்டாம், பாக்கிச் சம்பளம் வேண்டாம். தம்பிக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்கு உள்ளூர ஒரு யோசனை. போன தீபாவளிக்கு இரண்டு மாசச் சம்பளம் நிலுவையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவன் அவன்.

பத்து நாள் கழித்துப் பேசினான். எட்டு எலும்புக்கூட்டுக்கும் வண்டியில் கூட இருக்கிறவர்கள் பேரை வைத்திருக்கிறானாம். கேமில் அதற்கு வசதி கிடையாது, வாயால் கூப்பிடுவதுதான். சமையல்கார மாமா பேர் வைத்த எலும்புக்கூடு சந்தில் மாட்டிக்கொண்டால், விட்டுவிட்டுப் போகாமல் திரும்பிப் போய்க் கூட்டி வருகிறான்.

"அது எலும்புக்கூடுடா. செத்தா இன்னொண்ணு எழுப்பிக்கலாம். நேரந்தான் வீண்" என்றேன், ஆலோசகர் தோரணையில்.

"இருக்கட்டுங்ணா. இங்க ஓனரு நான்தானுங்களே."

அவன் இப்போது டூரியலிடம் நிற்கிறான். புழுக்குகை தாண்டி, பாலைவனக் கல்லறைக்குள் சின்ன அறையில் இருக்கும் ராட்சசப் புழு. உள்ளே போன வேகத்தில் எட்டு பேரையும் நொறுக்கிவிடும். அங்கே வேறு பிசாசே கிடையாது, ஆகவே பிணமும் கிடையாது, ஆகவே புது ஆளும் கிடையாது. அனுபவஸ்தர்கள் அங்கே களிமண் பொம்மையைத்தான் நம்புவார்கள். அதற்குப் பிணம் வேண்டாம், மந்திர சக்தி இருந்தால் போதும். அது அடித்தால் எதிரி மந்தமாகிவிடுவான். உடைந்தால் மறுபடி உருட்டு, உடைந்தால் மறுபடி உருட்டு, அவ்வளவுதான். முனியப்பன் கோயில்களில் வேண்டுதலுக்கு மண் குதிரை செய்து வைக்கிற ஊர்க்காரனுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2023-ல் வந்த டயாப்ளோ 4-லும் நெக்ரோமான்சர் இருக்கிறான். அதில் புதுசாக ஓர் ஏற்பாடு. ஆட்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வி.ஆர்.எஸ். கொடுத்த மாதிரி! அதற்கெல்லாம் நல்ல கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வேண்டும். தம்பிக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது.

சம்மனர் வேண்டவே வேண்டாம் என்று சிலரிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பள்ளிபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் இருக்கிறார். பன்னிரண்டு தறி, ஆறு ஆள். எந்தத் தறியில் இழை அறுந்தாலும் ஆளைத் தள்ளிவிட்டுத் தானே போய் முடிச்சுப் போடுவார். அவரெல்லாம் எட்டு எலும்புக்கூட்டுக்குப் பின்னால் நின்றால் பிரஷர் ஏறிவிடும். அவருக்கு பார்பேரியன்தான் சரி. இரண்டு கையிலும் இரண்டு கத்தி கொடுத்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றுவிடலாம்.