தலையிடியின் அபாயக் குறிகள்

சுக்கை உரைத்து நெற்றியிற் பற்றுப் போட்டும், சித்தாலேப பூசியும், அதற்கும் அடங்காதவிடத்துப் பனடோல் இரண்டை விழுங்கியும் தலையிடியைப் போக்கிக்கொள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம், தலையிடிகளிற் பெரும்பாலானவை வெயிலாலும் நித்திரைக் குறைவாலும் மனக்கவலையாலும் தோன்றித் தாமே தணிந்துவிடுவன என்பதேயாம். ஆயினும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலையிடியோடு வருவோருள் ஒரு சிலரிடத்து இரத்தக் கசிவோ மூளையுறை அழற்சியோ மறைந்திருத்தல் கூடுமாதலின், அச்சிலரைப் பலரிலிருந்து பிரித்தறிவது வைத்தியரின் முதற் கடமையாகின்றது.

நோவின் கடுமையை மட்டும் கொண்டு இதனை நிர்ணயித்தல் இயலாது. ஒற்றைத் தலையிடி பொறுக்கவொண்ணா வேதனை தந்தும் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதில்லை. மாத்திரையால் தணிந்த நோவோ சில வேளை ஆபத்தின் முன்னறிவிப்பாயிருக்கும். ஆதலால், "எப்படித் தொடங்கினது? எத்தனை மணிக்கு?" என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்கிறார். கிணற்றடியிற் குளித்துக்கொண்டு நின்றவருக்குப் பிடரியிற் சம்மட்டியால் அடித்தாற்போல வலி எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை அடைந்து, வாந்தியும் மயக்கமும் தொடருமாயின், மூளையின் அடித்தளத்து நாடியொன்றில் மெலிந்து புடைத்திருந்த இடம் வெடித்து, மூளையைச் சூழ்ந்த வெளியில் இரத்தம் பரவியிருக்கக்கூடுமென்று கருதியே பரீட்சைகள் தொடங்கப்படும். முதல் 6 மணித்தியாலத்துள் எடுக்கும் சி.டி. ஸ்கான் இக்கசிவை ஏறக்குறைய எப்போதும் காட்டிவிடும். பிந்தினால் இரத்தம் கரைந்து தென்படாது போகலாமாதலின், முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க நேரும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், ஒருபக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், வலிப்பு ஆகியனவும் தாமதத்துக்கு இடந்தராத லக்ஷணங்களே. 50 வயதைக் கடந்தவர் புதிதாகத் தலையிடி கண்டு, உணவை மெல்லும்போது தாடை நோகிறதென்றால், சென்னி நாடியின் அழற்சி கண்ணொளியைப் பறிக்குமுன் ஸ்டீரொயிட் மருந்து தொடங்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் அண்மையிற் பிரசவித்தோரும் தலையிடி கண்டால் குருதியமுக்கத்தை உடனே பார்ப்பித்தல் வேண்டும். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர் மட்டுமன்றி, இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்ணும் முதியவர் தலையை இலேசாக இடித்துக்கொண்டாலும், சில வாரங்கள் கழித்துக்கூட மூளைமேற் குருதி தேங்கலாம்.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து வரவேண்டியவர்க்கு, விடியட்டும் பார்ப்போம் என்னும் ஒரு சொல்லே அந்த ஆறு மணித்தியாலத்தை விழுங்கிவிடும். குடாநாட்டிலோ, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தாற் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் நமக்கும் உண்டு.

1847 இல் இங்கு வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் போதித்த டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவ அறிவை வைத்தியர் கைக்கு எட்டச் செய்தார். ஆயினும், இக்குறிகளைப் பற்றிய அறிவு வைத்தியரோடு நின்றுவிடாது ஒவ்வொரு வீட்டாரிடத்தும் இருத்தல் வேண்டும். ஏனெனில், நோயாளி நினைவிழந்து கிடக்கும்போது அந்த முதல் நிமிடத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத்தக்கவர் அருகிலிருந்த தாயோ மனைவியோ அயலவரோ ஆவர்; அவர் மணிக்கூட்டைப் பார்த்து வைத்துச் சொல்லும் நேரம் வைத்தியருக்கு வழிகாட்டும்.