1940-ஆம் ஆண்டு விமானி ஒருவர் உங்கள் வகுப்பில்: ஆளுயரப் பொம்மைக் காட்சி அமைப்பது எப்படி?



செயல்முறை விளக்கம் எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் தேநீர் கலக்குவதையோ பட்டம் செய்வதையோதான் எழுதுகிறார்கள். ‘முதலில், பிறகு, அதன்பின், இறுதியாக’ என்று நான்கு சொல்லோடு வேலை முடிந்துவிடும். ‘ஏன்?’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இந்த இதழில் அந்தக் கேள்வி தானாகவே எழும் ஒரு வளத்தைப் பகிர்ந்துகொள்கிறேன். துணிக்கடையில் நிற்கும் ஆளுயரப் பொம்மைக்கு இரண்டாம் உலகப் போர்க்கால விமானியின் உடையை அணிவித்து, தமிழில் விளக்க அட்டைகளோடு காட்சிக்கு வைப்பதுதான் அது.

ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

பொருள் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். ‘பழைய விமானி’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் காட்சி குழம்பிவிடும். எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த விமானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டவர், 1940 கோடையில் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிட்டிஷ் விமானி. ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த அந்த வான்போரில் ஏறத்தாழ 3,000 விமானப் படையினர் பறந்தார்கள். 544 பேர் உயிரிழந்தார்கள். பலருக்கு வயது இருபதுதான். நம் முன்னாள் மாணவர்களின் வயது!

ஸ்பிட்ஃபயருக்கும் சிங்கப்பூருக்கும் உறவு உண்டு. பிரிட்டிஷ் வான்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் போர்ப்பணியில் பறந்தது 1954 ஏப்ரல் 1-இல், நம் சிலேத்தார் தளத்திலிருந்துதான். ஜோகூர்க் காட்டைப் படம் பிடிக்கச் சென்றது அது. ஆனால், அந்த 14 ஆண்டுகளில் உடைகள் மாறிவிட்டன. ரப்பர் முகமூடி, உள்ளே சிறு கத்தி மறைத்த 1943 வடிவக் காலணி போன்றவை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அழகாகவும் இருக்கும். ஆனால் 1940 விமானிக்கு அவை பொருந்தா.

பொம்மையைத் தயார் செய்தல்

இடுப்பில் கையை வைத்துச் சாய்ந்து நிற்கும் நாகரிகப் பொம்மை வேண்டாம். நேராக நிற்கும் ஆண் பொம்மையே போதும். தேக்காவில் துணிக்கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பழையது இருந்தால் கொடுப்பார்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

• கை, கால், மணிக்கட்டு கழன்று வர வேண்டும். விரல் விரித்த கையில் கையுறை ஏறவே ஏறாது. கையைக் கழற்றிவிட்டு, கையுறைக்குள் பஞ்சு அடைத்துச் சட்டைக்கையில் பொருத்துவது எளிது.

• பொம்மையின் கணுக்கால் மடங்காது. அதனால் காலணியை மாட்டுவதுதான் பெரிய பாடு. முழங்காலுக்குக் கீழே பொம்மைக் கால் இல்லாமல், பிளாஸ்டிக் குழாயை நட்டு, காலணிக்குள் காகிதம் திணித்து நிறுத்திவிடலாம். கால்சட்டை மறைத்துவிடும்.

• கடைப் பொம்மைகள் ஒல்லியானவை. மார்பிலும் தோளிலும் பஞ்சுப் பட்டை சுற்றுங்கள். இல்லையென்றால் உடை கொடியில் காயப்போட்டது போலத் தொங்கும்.

அணிவிக்கும் வரிசை

இந்த வரிசைதான் பாடத்தின் உயிர். மாணவர்களையே அணிவிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.

1. சீருடை. நீலச் சாம்பல் நிறக் கால்சட்டை, வெளிர்நீலச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டை, அதன்மேல் நான்கு பை வைத்த மேற்சட்டை. போர் விமானிகள் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொள்வது வழக்கம்.

2. காலணி. 1936 வடிவம்: கறுப்புத் தோல், உள்ளே ஆட்டு ரோமம்.

3. பட்டுத் துணி. கழுத்தில் சுற்றுவது. “ஸ்டைலுக்காகவா டீச்சர்?” என்று நிச்சயம் கேட்பார்கள். பின்னாலிருந்து எதிரி வருகிறானா என்று விமானி ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்துப்பட்டி உரசித் தோல் புண்ணாகிவிடும். அதைத் தடுக்கத்தான் பட்டு.

4. ஆட்டுத்தோல் மேலங்கி. வான்குடை தயாரிப்பாளரான லெஸ்லி இர்வின் பெயரால் ‘இர்வின் ஜாக்கெட்’ எனப்படுவது. கோடையில் இவ்வளவு கனமான கோட்டு எதற்கு? இங்கே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தரையில் 20 டிகிரி என்றால், 6,000 மீட்டரில்? பூச்சியத்துக்குக் கீழே 19! ஆனாலும் எல்லாரும் இதை அணியவில்லை. விமானி அறை குறுகலாக இருந்ததால் சிலர் சீருடையோடே பறந்தார்கள். அதனால் இது இல்லாமலும் உங்கள் காட்சி சரியாகவே இருக்கும், செலவும் குறையும்.

5. உயிர்காப்பு அங்கி. 1932 வடிவம், காற்றை வாயால் ஊத வேண்டியது.

6. வான்குடைப் பட்டைகள். வான்குடைப் பொதி முதுகில் இருக்காது. விமானி அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார். நிற்கும் பொம்மையில் அது பின்தொடைக்கருகே தொங்கும்.

ஐந்தையும் ஆறையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? இதை ஒரு விவாதமாகவே நடத்தலாம். கடலில் விழுந்தவர் முதலில் வான்குடையைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் நனைந்த துணி அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். கழற்றிய பிறகும் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். அதனால் அங்கி உள்ளே, வான்குடைப் பட்டை வெளியே. வரிசை தவறினால் உயிர் போகும். ‘பிறகு’ என்ற சொல்லின் எடையை மாணவர்கள் உணரும் இடம் இது.

7. தலையுறை, கண்ணாடி, முகமூடி. பழுப்புத் தோல் தலையுறையின் காதுப் பகுதியில் கேட்கும் கருவியும், துணி முகமூடியில் பேசும் கருவியும் இருக்கும். சுவாசிக்க ஆக்சிஜன் குழாயும் அதில்தான் சேரும்.

8. கையுறை. கடைசியாக. குளிருக்கு மட்டுமல்ல, தீக்கும் இது வேண்டும். ஸ்பிட்ஃபயரின் எரிபொருள் தொட்டி விமானிக்கு நேர் முன்னால் இருந்தது. தீப்பிடித்தால் முதலில் கருகியவை மூடாத கையும் முகமும்தான். அப்படிக் கருகியவர்களுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூசிலாந்து மருத்துவர் முகங்களையும் கைகளையும் சீரமைத்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941-இல் தொடங்கிய சங்கத்துக்கு, தங்களைத் தாங்களே கேலி செய்து, ‘கினிப் பன்றிச் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். காட்சியைப் பார்ப்பவர் “கெத்தா இருக்கு” என்று சொல்வதோடு நின்றுவிடாமல் இருக்க, இந்தச் செய்தி கட்டாயம் அட்டையில் வர வேண்டும்.

அசலா, நகலா?

அசல் பொருள்களின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. நகல் போதும், மாணவர்கள் அட்டையிலும் துணியிலும் செய்ததும் போதும். ஆனால், அட்டையில் ‘நகல்’ என்று எழுதாமல் விடாதீர்கள். கண்முன் நிற்பதை மாணவர் அப்படியே நம்புவார்.

யாராவது அசல் பொருளை இரவல் தந்தால்: பழைய தோலை இழுக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், நேர் வெயிலில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வார இறுதியில் குளிர்சாதனம் நின்றுவிடும் அறையும் ஏற்றதல்ல. இருட்டில் ஒளிரும் பழைய கடிகாரம், திசைகாட்டி போன்றவற்றை வகுப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம். அந்தக் காலத்து ஒளிர்வண்ணத்தில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கும்.

விளக்க அட்டை

ஒவ்வொரு பொருளுக்கும் முப்பது சொற்களுக்குள் ஓர் அட்டை. பெயர், ஆண்டு, அசலா நகலா, என்ன பயன், ஒரு புதிய தகவல். மாதிரிக்கு ஒன்று:

“உயிர்காப்பு அங்கி, 1932 வடிவம். நகல். கடலில் விழுந்த விமானியை மிதக்க வைப்பது. இதன் மங்கிய நிறம் கடலில் தெரியாது என்பதால் விமானிகள் பலர் இதற்கு மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டார்கள்.”

பேச்சுத் தேர்வுக்கும் இது பயன்படும். அட்டையை எழுதியவரே பார்வையாளருக்குப் பேச்சுத் தமிழில் விளக்கட்டும்: “இத ஏன் உள்ள போடுறாங்கன்னா…” என்று தொடங்கினால் போதும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி அவர்களுக்கே பிடிபடும்.

அடுத்த படி

வேகமாக முடிக்கும் குழுவுக்கு ஒரு கூடுதல் பணி. 1940-இல் இந்தியாவிலிருந்து பிரிட்டன் சென்ற 24 விமானிகளில் ஒருவர் மஹிந்தர் சிங் புஜ்ஜி. சீக்கியரான அவர் 1941-இல் ஹரிக்கேன் விமானத்தைத் தலைப்பாகையோடே ஓட்டினார். காதுக்கருவியைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு பட்டை செய்துகொண்டார். அவருக்கு ஒரு பொம்மை அமைத்தால், மேலே சொன்ன எட்டுப் படிகளில் எவை மாறும், எவை மாறா? மாணவர்கள் காரணத்தோடு எழுதட்டும்.

இரண்டு இரட்டைப் பாடவேளையும் ஒரு மூலை இடமும் இருந்தால் போதும். உங்கள் பள்ளியில் செய்து பார்த்தால், மாணவர்கள் எழுதிய அட்டைகளை நம் இதழுக்கு அனுப்பி வையுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.